இணையவழிக் கருத்தாய்வில் வருகையாளர் பங்கேற்பு: ஸ்ரீமுஷ்ணம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தமிழியல், நாட்டார் வழக்காற்றியல், சமூகவியல் ஆகிய துறைகளில் இணையவழி வினாநிரல் இன்று இயல்பான தரவுத் திரட்டல் முறையாகிவிட்டது. வலைத்தளத்திற்கு வருவோரைக் கருத்தாய்வில் பங்கேற்கத் தூண்டும் வழிகள் பல உள்ளன. பங்கேற்போர் எண்ணிக்கை கூடுவதும், ஆய்வுக்குரிய மக்கள் அத்தரவில் இடம்பெறுவதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை விளக்கும் இக்கட்டுரை, கடலூர் மாவட்டம் ஸ்ரீமுஷ்ணத்தின் மாசி மக மரபை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பங்கேற்பை அளக்கும் முறை, அழைப்பின் மொழி, வினாநிரலின் சுமை, ஊக்கப்பரிசு, இசைவு, நேர்காணலுடன் இணைத்தல் ஆகியவற்றை ஆராய்கிறது. பங்கேற்கத் தயங்குவோரின் தடையை நீக்குவதே முறையான ஊக்குவிப்பு என்பது இதன் கருத்து.

குறிச்சொற்கள்: இணையவழிக் கருத்தாய்வு, பங்கேற்பு விகிதம், தற்தேர்வுச் சாய்வு, ஸ்ரீமுஷ்ணம், மாசி மகம், இசைவு, களஆய்வு.

முன்னுரை

முனைவர் பட்ட ஆய்வேடுகளிலும் கருத்தரங்கக் கட்டுரைகளிலும் "இணையவழி வினாநிரல் வாயிலாகத் தரவுகள் திரட்டப்பட்டன" என்னும் தொடர் இன்று பரவலாகக் காணப்படுகிறது. கூகுள் படிவம் ஒன்றை உருவாக்கி, அதன் இணைப்பை வலைத்தளத்திலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் பகிர்ந்து, சில நாள்களில் சில நூறு மறுமொழிகளைப் பெற முடிகிறது. செலவு குறைவு, பயணம் இல்லை, தரவு உடனே அட்டவணையாகக் கைக்கு வந்துவிடுகிறது. இவ்வசதிகள் ஆய்வுலகிற்குக் கிடைத்த நற்பேறு என்பதில் ஐயமில்லை.

எனினும் ஆய்வேட்டின் முடிவுரையில் "இப்பகுதி மக்கள் இவ்வாறு கருதுகின்றனர்" என்று எழுதப்படும்போது ஒரு வினா எழுகிறது. அம்மக்கள் யாவர்? இணைப்பைக் கண்டவர்களா, திறந்தவர்களா, இறுதிவரை விடையளித்தவர்களா, அல்லது அவ்வூரில் வாழ்வோர் அனைவருமா? ஆய்வேடு நூலகத்திற்குச் சென்று, பின்வரும் ஆய்வாளர்களால் மேற்கோளாக எடுத்தாளப்படும்போது, அதில் இடம்பெறாத மக்கள் அவ்வூரின் எழுத்துப் பதிவிலிருந்தே விடுபட்டுப் போகின்றனர். ஆகவே வருகையாளரைப் பங்கேற்கச் செய்வது குறித்த வினாவை உத்தி சார்ந்த ஒன்றாக மட்டும் கொள்ளாமல், ஆய்வு அறம் சார்ந்ததாகவும் கொள்ளுதல் வேண்டும்.

1. பங்கேற்பை அளக்கும் மூன்று விகிதங்கள்

பங்கேற்பை உயர்த்துவதற்கு முன் அதனை அளக்கத் தெரிந்திருத்தல் வேண்டும். இணையவழிக் கருத்தாய்வுகளை வெளியிடுவோர் கூறவேண்டிய செய்திகளைத் தொகுத்து, குந்தர் ஐசன்பாக் 2004ஆம் ஆண்டில் 'செர்ரீஸ்' எனப்படும் சரிபார்ப்புப் பட்டியலை மருத்துவ இணைய ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார். மருத்துவத் துறையில் தோன்றினும், பிற துறையினருக்கும் அது பயன்தருவதாகும். அதில் மூன்று விகிதங்கள் வேறுபடுத்தப்படுகின்றன.

முதலாவது பார்வை விகிதம். வலைத்தளத்திற்கு வந்த தனி வருகையாளர்களுள் எத்தனை பேர் கருத்தாய்வின் முதற்பக்கத்தை அடைந்தனர் என்பதை இது காட்டும். இரண்டாவது பங்கேற்பு விகிதம். முதற்பக்கத்தை அடைந்தவர்களுள் எத்தனை பேர் பங்கேற்க இசைந்தனர் என்பது இதன் பொருள். மூன்றாவது நிறைவு விகிதம். இசைந்தவர்களுள் இறுதிப் பக்கம் வரை சென்றவர்களின் பங்கு இது.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். ஒரு கோயிலின் வரலாற்றைக் கூறும் வலைத்தளத்திற்கு ஒரு மாதத்தில் 10,000 தனி வருகையாளர்கள் வந்தனர் எனக் கொள்ளலாம். அவர்களுள் 600 பேர் கருத்தாய்வின் முதற்பக்கத்தை அடைந்து, 300 பேர் இசைந்து, 180 பேர் நிறைவு செய்தனர் எனில், பார்வை விகிதம் 6 விழுக்காடு. பங்கேற்பு விகிதம் 50 விழுக்காடு. நிறைவு விகிதம் 60 விழுக்காடு. மொத்த வருகையாளர்களோடு ஒப்பிட்டால் நிறைவு செய்தோர் 1.8 விழுக்காட்டினரே. ஆய்வாளர் "60 விழுக்காட்டினர் விடையளித்தனர்" என்று மட்டும் எழுதினால் அது பொய்யன்று. ஆயினும் படிப்பவரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

இம்மூன்று விகிதங்களும் வெவ்வேறு குறைகளைச் சுட்டுகின்றன. பார்வை விகிதம் தாழ்ந்திருப்பின் அழைப்பு கண்ணில் படவில்லை, அல்லது ஈர்க்கவில்லை. பங்கேற்பு விகிதம் தாழ்ந்திருப்பின் முதற்பக்கம் நம்பிக்கை அளிக்கவில்லை. நிறைவு விகிதம் தாழ்ந்திருப்பின் வினாநிரல் நீண்டதாகவோ புரியாததாகவோ உள்ளது. எந்தக் கட்டத்தில் மக்கள் விலகுகின்றனர் என்பதை அறியாமல் மேற்கொள்ளப்படும் ஊக்குவிப்பு, நோயறியாது மருந்து கொடுப்பதை ஒக்கும்.

வாட்ஸ்அப் குழுக்களின் வழியே இணைப்பு பரவும்போது, அதனை எத்தனை பேர் கண்டனர் என்பதே தெரிவதில்லை. பகுதி தெரியாதபோது விகிதமும் இல்லை. அந்நிலையில் மறுமொழிகளின் எண்ணிக்கையை மட்டும் கூறி, விகிதம் கணக்கிட இயலாமையை வெளிப்படையாகக் குறிப்பிடுவதே முறையாகும்.

2. பெரிய எண்ணும் பெரும்பிழையும்

மறுமொழிகள் பெருகினால் பிழை தானே குறையும் என்னும் எண்ணம் பலரிடம் உள்ளது. கருத்தாய்வு வரலாறு இதனை மறுக்கிறது. 1936ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலை முன்னிட்டு 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் சுமார் 1 கோடி வாக்குச்சீட்டு அட்டைகளை அஞ்சலில் அனுப்பியது. சுமார் 23 லட்சம் அட்டைகள் திரும்பி வந்தன. அவற்றைக் கொண்டு ஆல்ஃபிரட் லாண்டன் வெல்வார் என இதழ் அறிவித்தது. ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பெருவெற்றி பெற்றார். முகவரிப் பட்டியல் வசதி படைத்தோர் பக்கம் சாய்ந்திருந்ததே காரணம் என நெடுங்காலம் கூறப்பட்டது. பெவரில் ஸ்குயர் 1988இல் வெளியிட்ட ஆய்வு, அட்டையைப் பெற்றவர்களுள் திருப்பி அனுப்பியவர்களும் அனுப்பாதவர்களும் வேறுபட்ட சார்புடையவர்களாக இருந்ததும் பிழைக்குக் காரணம் என்பதைக் காட்டியது. தாமாக முன்வந்து விடையளிப்பவர்கள் ஒரு தனி வகையினர் என்பது இதன் பாடம்.

இதே பாடம் இணையக் காலத்திலும் மீண்டும் கிடைத்தது. கோவிட் தடுப்பூசி குறித்து அமெரிக்காவில் ஃபேஸ்புக் வழியாக நடைபெற்ற கருத்தாய்வு ஒன்று வாரந்தோறும் சுமார் 2,50,000 மறுமொழிகளைத் திரட்டியது. 2021 மே மாத நிலவரப்படி, தடுப்பூசி இட்டுக்கொண்டோர் விழுக்காட்டை அது உண்மை அளவைவிட 17 புள்ளிகள் மிகுதியாகக் காட்டியது. ஏறத்தாழ 1,000 பேரை மட்டும் வினவிய, மாதிரித் தேர்வில் கவனம் செலுத்திய மற்றொரு கருத்தாய்வு உண்மைக்கு மிக அருகில் நின்றது. சியாவ்-லி மெங் உள்ளிட்ட அறிஞர்கள் 2021இல் 'நேச்சர்' இதழில் இதனை ஆராய்ந்து, 2,50,000 பேரின் மறுமொழி, எளிய வாய்ப்பு மாதிரியில் தெரிவு செய்யப்பட்ட 10 பேரின் மறுமொழியைவிடத் துல்லியமாக அமையாத நிலையும் உண்டு எனக் காட்டினர்.

இதன் மறுபக்கமும் கருதத்தக்கது. ராபர்ட் குரோவ்ஸ், எமிலியா பெய்ச்சேவா இருவரும் 59 ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியிட்ட பகுப்பாய்வு, மறுமொழி விகிதத்தை மட்டும் கொண்டு சாய்வின் அளவைக் கணிக்க இயலாது என நிறுவியது. விகிதம் குறைந்த ஆய்வு தவறாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. விகிதம் உயர்ந்த ஆய்வு சரியாகவே இருக்கும் என்பதுமில்லை. விடையளிக்காதவர்கள் ஆய்வுப்பொருளில் விடையளித்தவர்களிடமிருந்து எவ்வளவு வேறுபடுகின்றனர் என்பதே முதன்மையான வினா.

3. ஸ்ரீமுஷ்ணம்: வருகையாளர் யார்?

இவ்வினாவை ஸ்ரீமுஷ்ணத்தில் வைத்துப் பார்க்கலாம். கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்திற்கும் சேத்தியாத்தோப்பிற்கும் அண்மையில் அமைந்த இப்பேரூர் பூவராகப் பெருமாள் கோயிலால் அறியப்படுகிறது. மாசி மகத்தையொட்டி இக்கோயிலின் உற்சவர் சிதம்பரத்திற்குக் கிழக்கே உள்ள கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்காக எழுந்தருள்வது மரபு. வழியில் கிள்ளை தைக்கால் பகுதியில் இசுலாமியர் பெருமாளை வரவேற்று மரியாதை செய்வதும், கோயில் சார்பில் தர்காவிற்கு மரியாதை செய்யப்படுவதும் இம்மரபின் தனிச்சிறப்பு. சமய நல்லிணக்கம், விழா வழக்காறு, கோயிற் பண்பாடு ஆகியவற்றை ஆராய்வோர் பலரும் எடுத்துக்கொள்ளத்தக்க பொருள் இது.

இம்மரபைப் பற்றிய கருத்தாய்வு ஒன்று கோயில் வரலாறு கூறும் வலைத்தளத்தில் வைக்கப்படுகிறது எனக் கொள்ளலாம். அத்தளத்திற்கு வருவோர் யாவர்? வெளியூரிலிருந்து வழிபட வரத் திட்டமிடுவோர், வெளிநாட்டில் வாழும் வைணவ அன்பர்கள், தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள், சுற்றுலாச் செய்தி தேடுவோர் ஆகியோரே பெரும்பாலும் வரக்கூடும். உற்சவரைச் சுமந்து செல்வோர், வழிநெடுகப் பந்தலிட்டு நீர்மோர் வழங்கும் சிற்றூர் மக்கள், தைக்காலில் வரவேற்பு அளிக்கும் குடும்பத்தினர், கிள்ளையின் மீனவப் பெண்கள் ஆகியோர் தம் ஊர் விழாவைப் பற்றி அறிய வலைத்தளத்தை நாட வேண்டிய தேவையே இல்லை. விழாவை நடத்துவோர் தளத்திற்கு வருவதில்லை. தளத்திற்கு வருவோர் விழாவை நடத்துவதில்லை. இந்நிலையில் "இம்மரபு தொடர வேண்டுமா?" என்னும் வினாவிற்கு 500 பேர் விடையளிப்பினும், மரபைத் தோளில் தாங்குவோரின் குரல் அதில் ஒலிக்காது.

ஊர்ப்பெயரின் வடிவமும் வருகையாளரைத் தெரிவு செய்கிறது. இவ்வூர் ஸ்ரீமுஷ்ணம் என்றும் திருமுட்டம் என்றும் வழங்கப்படுகிறது. ஒரு வடிவத்தை மட்டும் பயன்படுத்தும் தளம், மற்றொரு வடிவத்தைத் தட்டச்சு செய்து தேடுவோருக்குப் புலப்படாமல் போகலாம். ஊர்ப்பெயரின் வழக்குகள் அனைத்தையும் அழைப்பிலும் தலைப்பிலும் இடம்பெறச் செய்தல் சிறு செயலே எனினும் பயனுடையது.

இணையப் பயன்பாட்டில் உள்ள பால் வேறுபாடும் கணக்கில் கொள்ளத்தக்கது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்திய அளவில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய பெண்கள் 33.3 விழுக்காட்டினர், ஆண்கள் 57.1 விழுக்காட்டினர். அதன்பின் பயன்பாடு பெருகியிருப்பினும், வீட்டிற்கு ஒரு திறன்பேசி இருந்து அது ஆண்களின் கையிலேயே இருக்கும் சூழல் கிராமப்புறங்களில் முற்றும் மறைந்துவிடவில்லை. ஒரே கைப்பேசியைப் பலர் பயன்படுத்தும் வீட்டில், 'ஒரு கருவிக்கு ஒரு மறுமொழி' எனக் கட்டுப்படுத்தும் படிவம் அவ்வீட்டின் பெண்களையும் முதியோரையும் தானே விலக்கிவிடுகிறது.

4. அழைப்பின் மொழியும் நம்பிக்கையும்

மக்கள் ஏன் விடையளிக்கின்றனர் என்பதற்கு டான் டில்மன் 1978இல் வெளியிட்ட நூலில் சமூகப் பரிமாற்றக் கோட்பாட்டின் வழி விளக்கம் அளித்தார். பங்கேற்பதால் கிட்டும் பயன் மிகுதியாகவும், அதற்காகும் சுமை குறைவாகவும் தோன்றி, கேட்பவர் மீது நம்பிக்கையும் இருக்கும்போது மக்கள் இசைகின்றனர் என்பது அதன் சாரம். குரோவ்ஸ், எலினார் சிங்கர், ஏமி கார்னிங் ஆகியோர் 2000ஆம் ஆண்டில் இதனை மேலும் நுணுக்கினர். ஒருவருக்கு ஆய்வுப்பொருள் முக்கியம். மற்றொருவருக்குக் கேட்கும் நிறுவனம். வேறொருவருக்குச் சிறு பரிசு. அழைப்பு எதனை முன்னிறுத்துகிறதோ, அதனைப் பொருட்படுத்துவோரே மிகுதியாக வருவர். "நம் பெருமாளின் பெருமையை உலகறியச் செய்ய உதவுக" என்னும் அழைப்பு பக்தர்களைச் சேர்க்கும். ஆனால் தைக்கால் மக்களையும் விழாவில் மனத்தாங்கல் உடையோரையும் விலக்கும். அழைப்பின் ஒவ்வொரு சொல்லும் மாதிரியைத் தெரிவு செய்கிறது.

தமிழில் சொல் தேர்விற்கு மேலும் கவனம் தேவை. 'கருத்துக்கணிப்பு' என்னும் சொல் தேர்தலை நினைவூட்டுகிறது. 'கணக்கெடுப்பு' என்னும் சொல் குடும்ப அட்டை, அரசு உதவித்தொகை, வீட்டுவரி ஆகியவற்றோடு இணைத்து எண்ணப்படுகிறது. விடையளித்தால் உதவி கிட்டும் என்ற எதிர்பார்ப்பையோ, உள்ளது பறிபோகும் என்ற அச்சத்தையோ எழுப்பக்கூடும். 'ஆய்வுக்கான கேள்விகள்' எனத் தெளிவாகக் கூறுவது பொருந்தும். கடவுச்சொல் கேட்டு ஏமாற்றும் இணைய மோசடிகள் பெருகியுள்ள காலத்தில், அறியாத இணைப்பைத் தொட அஞ்சுவது அறியாமையன்று, தற்காப்பு. ஆகவே முதற்பக்கத்தில் ஆய்வாளரின் பெயர், துறை, கல்வி நிறுவனம், நெறியாளர் ஆகிய செய்திகள் இடம்பெறுவதோடு, கைப்பேசி எண்ணோ ஆதார் எண்ணோ வங்கிச் செய்தியோ ஒருபோதும் கேட்கப்படாது என்பதும் வெளிப்படையாகக் கூறப்படுதல் வேண்டும்.

வட்டாரத்தில் நம்பிக்கை பெற்ற நிறுவனத்தின் பெயர் இணைப்பிற்கு வலுவூட்டும். 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரம் வட்டாரத்தில் ஒவ்வொரு வீட்டிற்கும் அறிமுகமானது. எனினும் நிறுவனத்தின் செல்வாக்கு விடையை வளைக்கவும் கூடும். ஆசிரியர் அனுப்பிய இணைப்பை மாணவர் மறுக்க இயலாமல் நிரப்புவது பங்கேற்பன்று, பணிதலே. அத்தகைய மறுமொழிகள் எண்ணிக்கையைக் கூட்டினும் உண்மையைக் கூட்டுவதில்லை.

5. வினாநிரலின் சுமை

நீளமே முதல் தடை. மிர்த்தா கலேசிக், மைக்கேல் பாஸ்னியாக் இருவரும் 2009இல் வெளியிட்ட சோதனை ஆய்வில், ஆகும் நேரம் 10, 20, 30 நிமிடங்கள் என வெவ்வேறு குழுக்களுக்கு முன்கூட்டியே கூறப்பட்டது. கூறப்பட்ட நேரம் நீள நீளத் தொடங்கியோரும் முடித்தோரும் குறைந்தனர். அதனினும் முக்கியமாக, வினாநிரலின் பிற்பகுதியில் வைக்கப்பட்ட வினாக்களுக்கு விடைகள் விரைவாகவும் சுருக்கமாகவும் ஒரே தன்மையாகவும் அமைந்தன. நீண்ட படிவத்தை முடித்தவரும் இறுதியில் சிந்தித்து விடையளிப்பதில்லை என்பது இதனால் பெறப்படும். முதன்மையான வினாக்களை முன்னே வைத்தலும், ஆய்வுக்குத் தேவையற்ற தன்விவர வினாக்களை நீக்குதலும் இன்றியமையாதன. எவ்வளவு முடிந்தது எனக் காட்டும் பட்டையைச் சேர்த்தால் விலகல் குறையும் என்பது பொது நம்பிக்கை. அனா வில்லார், மரியோ கலேகாரோ, யாங் ஆகியோர் 2013இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, சீராக நகரும் பட்டை விலகலைக் குறிப்பிடத்தக்க அளவு குறைப்பதில்லை எனக் காட்டியது. அணிகலன்களால் நீளத்தை மறைக்க இயலாது; நீளத்தைக் குறைப்பதே வழி.

குறுகிய வினாநிரலின் ஆற்றலுக்கு விக்கிப்பீடியா சான்று. 2017 ஜூன் மாதத்தில் 14 மொழி விக்கிப்பீடியாக்களின் வருகையாளர்களிடம் மூன்றே வினாக்கள் கேட்கப்பட்டன. எந்த நோக்கத்தால் அக்கட்டுரையைப் படிக்கின்றனர், எவ்வளவு ஆழமான செய்தியை நாடுகின்றனர், அப்பொருளை முன்பே அறிவரா என்பனவே அவை. 2 லட்சத்திற்கும் மேற்பட்ட மறுமொழிகள் கிடைத்தன. ஆய்வாளர்கள் அவ்வெண்ணிக்கையோடு நிறைவுறாமல், விடையளித்தோரின் பயன்பாட்டுத் தடங்களைப் பிற வருகையாளர்களின் தடங்களோடு ஒப்பிட்டு, எடையிட்டுச் சாய்வைத் திருத்தினர். இந்திய மொழிகளுள் இந்தியும் வங்கமும் அவ்வாய்வில் இடம்பெற்றன, தமிழ் இடம்பெறவில்லை. தமிழ் இணைய நூலகங்களும் கலைக்களஞ்சியங்களும் தம் வாசகரைப் பற்றி இத்தகைய ஆய்வை மேற்கொள்ளுதல் தமிழ் ஆய்வுலகின் முன்னுள்ள பணிகளுள் ஒன்றாகும்.

தமிழ் வினாநிரல்களில் மொழிச் சுமை தனியே எழுகிறது. ஆங்கிலத்தில் அமைந்த அளவுகோலை அப்படியே மொழிபெயர்த்து, "முற்றிலும் உடன்படுகிறேன்" முதல் "முற்றிலும் உடன்படவில்லை" வரை ஐந்து கட்டங்கள் அமைப்பது வழக்கம். கைப்பேசித் திரையில் இத்தொடர்கள் உடைந்தும் மறைந்தும் தோன்றுகின்றன. "இவ்விழாவில் பிற சமயத்தார் பங்கேற்பது தேவையற்றது எனக் கூறுவதை ஏற்கவில்லை" போன்ற இரட்டை எதிர்மறைத் தொடர், படித்தவரையும் தடுமாறச் செய்யும். "தைக்காலில் பெருமாளுக்கு மரியாதை செய்வதை நேரில் பார்த்ததுண்டா?" என நேரே வினவுவதே நன்று. கருத்தைக் கேட்குமுன் பட்டறிவைக் கேட்பது விடையளிப்போருக்கு எளிது; ஆய்வாளருக்கும் பயன் மிகுதி. தமிழில் தட்டச்சு செய்ய இயலாதோர் குரல் பதிவாக விடையளிக்க வழி செய்தால், படிவம் எழுத்தறிவுச் சோதனையாக மாறாது.

6. ஊக்கப்பரிசின் பயனும் எல்லையும்

பரிசு அளிப்பது பங்கேற்பை உயர்த்துமா என்னும் வினாவிற்கு அன்யா கோரிட்ஸ் 2006இல் வெளியிட்ட தொகுப்பாய்வு விடை தருகிறது. பொருட்பரிசு, ஒருவர் விடையளிக்கும் வாய்ப்பு வீதத்தை 19 விழுக்காடும், இறுதிவரை செல்லும் வாய்ப்பு வீதத்தை 27 விழுக்காடும் உயர்த்தியது. பயன் உண்டு, ஆனால் அளவானது. பொதுவில் வைக்கப்பட்ட இணைப்பில் கைப்பேசி மறுஊட்டம் போன்ற பரிசு அறிவிக்கப்பட்டால், ஒருவரே பலமுறை நிரப்புவதும் தானியங்கி நிரல்கள் நிரப்புவதும் நிகழக்கூடும். அதனைத் தடுக்கக் கைப்பேசி எண்ணைக் கேட்டால் நம்பிக்கை குறைகிறது. சிற்றாய்வுகளில் முடிவுகளை எளிய தமிழில் சுருக்கி ஊராருக்குத் திருப்பி அளிப்பதாக உறுதி கூறி, அதனை நிறைவேற்றுவதே தகுந்த கைம்மாறு. ஊராரிடம் செய்தி பெற்றுச் சென்ற ஆய்வாளர் மீண்டும் வராமையே அடுத்த ஆய்வாளருக்குக் கதவு அடைபடக் காரணமாகிறது.

எண்ணிக்கையே இலக்காகும்போது நேரும் சிக்கலுக்கு அரசுக் கருத்தாய்வு ஒன்றும் சான்றாகிறது. நகர்ப்புறத் தூய்மையைத் தரவரிசைப்படுத்தும் 'ஸ்வச் சர்வேக்ஷண்' ஆய்வு 2016ஆம் ஆண்டு முதல் நடைபெறுகிறது. அதில் குடிமக்கள் கருத்தும் மதிப்பெண்ணின் ஒரு கூறு. மக்களைப் பேச வைப்பது அதன் நன்னோக்கம். எனினும் கருத்துக் கூறச் செய்யும் பொறுப்பு, மதிப்பிடப்படும் அமைப்பிடமே சேரும்போது, குறைகூறுவோரைவிட நிறைகூறுவோரைத் திரட்டும் உந்துதல் இயல்பாகவே எழும். பல்கலைக்கழகங்களில் நிகழும் மாணவர் நிறைவுநிலைக் கருத்தாய்வுகளுக்கும் இது பொருந்தும்.

7. இசைவும் சட்டமும்

தனியுரிமை அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதனையடுத்து இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, இசைவு தன்னுரிமையோடும் குறித்த நோக்கத்திற்காகவும் தெளிவான அறிதலோடும் நிபந்தனையின்றியும் அளிக்கப்பட வேண்டும் என்கிறது. இசைவு கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும். தமிழ் அவற்றுள் ஒன்று. 18 வயது நிரம்பாதோரின் தரவிற்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவு தேவை. தனிநபரைப் பற்றிய முடிவெடுக்கப் பயன்படாத ஆய்வு, புள்ளியியல் பணிகளுக்கு, வகுக்கப்படும் தரநெறிகளுக்கு உட்பட்டு, சட்டம் விலக்கு அளிக்கிறது. இச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன.

விலக்கு இருப்பதால் இசைவுப் பக்கத்தைக் கைவிடலாகாது. சிற்றூரில் வயது, பால், சமூகம், தெரு ஆகிய நான்கு விவரங்கள் போதும். பெயர் கேட்காமலேயே ஒருவரை அடையாளம் கண்டுவிடலாம். சமய உறவு பற்றிய வினாவிற்கு வெளிப்படையாக விடையளித்தவர் பின்னர் ஊரில் தொல்லைக்கு ஆளாகாமல் காப்பது ஆய்வாளரின் கடமை. தேவையற்ற விவரங்களைத் திரட்டாமையே சிறந்த பாதுகாப்பு. இப்பாதுகாப்பு தெளிவாகக் கூறப்படும்போது தயங்குவோரும் முன்வர வாய்ப்புண்டு. இவ்வகையில் அறமும் பங்கேற்பும் ஒரு திசையிலேயே செல்கின்றன.

8. இணையமும் களமும் இணைதல்

இணையவழிக் கருத்தாய்வைக் கைவிடுவது இதற்குத் தீர்வன்று. அதனைக் களஆய்வோடு இணைப்பதே வழி. நாட்டளவில் இதற்கு முன்மாதிரி உருவாகியுள்ளது. 2011க்குப் பின் நடைபெறும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 2027 மார்ச் 1ஆம் நாளைப் பெரும்பாலான பகுதிகளுக்கு ஆதார நாளாகக் கொண்டு திட்டமிடப்பட்டுள்ளது. இதில் குடும்பத்தினர் தாமே இணையத்தில் விவரங்களைப் பதிவு செய்யும் தற்கணக்கீட்டு வாய்ப்பு உண்டு. ஆயினும் கணக்கெடுப்பாளர் வீடுதோறும் செல்வது நிறுத்தப்படவில்லை. இணையத்தில் பதிந்தோரின் விவரத்தை அவர் உறுதி செய்துகொள்கிறார். பதியாதோரிடம் நேரில் கேட்டுப் பதிகிறார். இணையம் வருவோரின் சுமையைக் குறைக்கிறது. கணக்கெடுப்பாளர் வாராதோரை விடுபடாமல் காக்கிறார்.

தனி ஆய்வாளரும் இவ்வமைப்பைச் சிறிய அளவில் மேற்கொள்ளலாம். மாசி மக ஆய்வில், இணைய இணைப்பு தொலைவில் வாழ்வோரின் கருத்தைப் பெறட்டும். அதே வினாக்களோடு ஸ்ரீமுஷ்ணத்திலும் கிள்ளையிலும் தெருவாரியாக வாய்ப்பு முறையில் தெரிவு செய்த சில வீடுகளுக்கு ஆய்வாளர் நேரில் செல்லட்டும். பெண்களிடம் பெண் ஆய்வுத் துணைவர் வினவுதல் நன்று. நடவு, அறுவடைக் காலங்களையும் மீனவர் கடலுக்குச் செல்லும் நேரத்தையும் தவிர்த்துச் செல்லுதல் வேண்டும். இருவகை மறுமொழிகளையும் ஒன்றாகக் கலந்துவிடாமல் தனித்தனியே அட்டவணைப்படுத்தி ஒப்பிட்டால், இணைய மாதிரியின் சாய்வு எத்திசையில், எவ்வளவு என்பது வெளிப்படும். அவ்வேறுபாடே ஆய்வின் மதிப்புமிக்க கண்டுபிடிப்பாக அமையவும் கூடும்.

9. ஆய்வேட்டில் இடம்பெற வேண்டியவை

இணையவழித் தரவைப் பயன்படுத்தும் ஆய்வேடு சில செய்திகளைத் தவறாமல் கூறுதல் வேண்டும். இணைப்பு எந்நாள் முதல் எந்நாள் வரை, எத்தளத்தில், எக்குழுக்களில் வைக்கப்பட்டது. அழைப்பின் முழு வாசகம் யாது. மூன்று விகிதங்கள் எவை. ஒருவரே பலமுறை நிரப்புவது எவ்வாறு தடுக்கப்பட்டது. எவ்வினாவில் விலகல் மிகுந்தது. அரைகுறை மறுமொழிகள் எவ்வாறு கையாளப்பட்டன. எந்தப் பிரிவினர் எட்டப்படவில்லை என்பன அவை. விடையளித்தோரின் பால், வயது, வாழிடம் ஆகியவற்றை மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவரங்களோடு ஒப்பிடும் சிறு அட்டவணை ஒன்று பல பக்க விளக்கத்தினும் மேலானது.

முடிவின் எல்லையும் தரவின் எல்லையோடு நிற்றல் வேண்டும். "ஸ்ரீமுஷ்ணம் மக்கள் கருதுகின்றனர்" என்பதற்கு மாறாக, "இத்தளத்திற்கு வந்து விடையளித்த 180 பேருள் இத்தனை பேர் கருதுகின்றனர்" என எழுதுவது ஆய்வைச் சிறுமைப்படுத்தாது. நம்பத்தக்கதாக்கும்.

முடிவுரை

வலைத்தள வருகையாளரைப் பங்கேற்கச் செய்யும் வழிகள் தெளிவானவை. அழைப்பு நேர்மையாக இருத்தல், வினாநிரல் சுருங்கியிருத்தல், மொழி எளிமையாக இருத்தல், இசைவு உண்மையாக இருத்தல், முடிவு மக்களிடம் திரும்பிச் செல்லுதல் ஆகியன அவை. இவை யாவும் வருகையாளருக்கே பொருந்தும். வருகையாளர் அல்லாதோரை எந்த அழைப்பும் எட்டாது. அங்கு ஆய்வாளரின் கால்களே செல்ல வேண்டும். ஆண்டுதோறும் மாசி மகத்திற்காக ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் கோயிலில் இருந்தபடியே அனைவரையும் அழைப்பதில்லை; கடற்கரை வரை எழுந்தருளி, வழியில் உள்ளோர் அனைவரின் வரவேற்பையும் ஏற்றுச் செல்கிறார். அம்மரபை ஆராய முற்படுவோரும் இணைப்பை அனுப்பியதோடு நின்றுவிடாமல் அவ்வழியே நடந்து செல்லுதல் தகும்.